கூரைத் தண்ணீரை எங்கே விடுவது

1

ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு வாசல் கதவின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பீட்சாக் கடை விளம்பரம் என்று எடுத்தால், மேலே நகராட்சியின் முத்திரை. கனடாவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், முத்திரை போட்ட எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் நான் என்ன தப்புச் செய்தேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். பூதலூர் தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பாவோடு நின்று பழகிய கால்கள் இவை. எதிரே ஒரு மேஜை தெரிந்தாலே நேராக நின்றுகொள்ளும்.

அட்டையில் இருந்தது இதுதான். கூரையில் விழும் மழைத் தண்ணீர் ஓரத்துத் தகரத்தில் சேர்ந்து, சுவரோடு இறங்கும் குழாய் வழியாக மண்ணுக்குள் போய், தெருவுக்கு அடியில் ஓடும் மழைநீர் வடிகாலில் கலக்கிறது. எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே சமயத்தில் போய் விழுந்தால் பெருமழையில் வடிகால் தாங்குவதில்லை. தெருவில் தேங்குகிறது. சில வீடுகளின் பேஸ்மென்ட்டுக்குள் திரும்பி ஏறுகிறது. மிச்சம், ஊர் அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு ஏரிக்குப் போகிறது. ஆகவே வீட்டுக்காரர்கள் அந்தக் குழாயை வெட்டி, வடிகாலோடு உள்ள தொடர்பைத் துண்டித்து, கூரைத் தண்ணீரைத் தங்கள் தோட்டத்து மண்ணிலேயே விட வேண்டும். சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி. பனிக்காலம் தொடங்குவதற்குள்.

பேஸ்மென்ட் என்பது இங்கே வீட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கும் இன்னொரு வீடு. துணி துவைக்கும் இயந்திரம், பழைய சோபா, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் அங்கேதான்.

வேலை நிமித்தம் மாதத்தில் பாதி நாள் வேறு ஊரில் இருக்கும் என் கணவர் செந்திலுக்குப் போன் செய்தேன்.

"பனிக்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு சுதா. தெருவுல யாராவது பண்றாங்களான்னு பாரு. அப்புறம் பாத்துக்கலாம்."

"எல்லாரும் அப்படியே நெனச்சா யாருங்க முதல்ல பண்றது?"

"உன்ன மாதிரி ஒருத்தி எல்லாத் தெருவுலயும் இருப்பா. அவ பண்ணுவா."

எங்கள் தெருவில் அந்த ஒருத்தி நான்தான் என்பது அந்த வார முடிவுக்குள் உறுதியாகிவிட்டது.

2

மேலே போவதற்கு முன்னால் டெரேசாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வலப்பக்கத்து வீடு அவருடையது. கம்பி வேலிதான் இடையில். போர்ச்சுக்கல் நாட்டு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் இல்லை. மகன்கள் வேறு ஊர்களில். அவர் தோட்டம் எங்களுடையதைவிட ஒரு முழம் தாழ்வு. அதில் அவரை, கீரை, தக்காளி எல்லாம் வைத்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்தான். இரண்டு பேருமே அதைச் செருப்பில்லாமல் வெயிலில் நடக்கிற மாதிரி, வேகவேகமாகப் பேசிக் கடந்துவிடுவோம். அவர் சொன்னவற்றை இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

என் மகள் யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வேலையிலிருந்து திரும்பும்வரை டெரேசா வீட்டில்தான் இருப்பாள். பேஸ்மென்ட்டில் அவளுக்கென்று ஒரு மூலை, ஒரு கம்பளம், ஒரு பெட்டி நிறையக் கலர் பென்சில். பள்ளியிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு உண்டு, ஆனால் அதற்குக் காத்திருக்கும் வரிசையில் எங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பள்ளி அலுவலகத்துப் பெண் சிரிக்கிறாள். எத்தனையோ பரீட்சை எழுதி இந்த வருடம்தான் ஒரு பல் மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. டெரேசா முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த வேலை அன்றோடு போய்விடும். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் தினமும் அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.

குழாய் விஷயத்துக்கு வருகிறேன். வெட்டுவதற்கு முன் நகராட்சியின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் இளைஞர் வந்தார். உங்கள் நிலம் சுவரிலிருந்து விலகிச் சரிகிறதா, மண் தண்ணீரை உள்வாங்குமா, நடைபாதையில் வழிந்து பனியாக உறைய வாய்ப்பிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். நான் வாய்மொழித் தேர்வு மாதிரி பதில் சொன்னேன். தெரியாத கேள்விக்கும் தெரியும் என்றேன். கடைசியில், "தண்ணீர் பக்கத்து நிலத்துக்குப் போகக்கூடாது, அது முக்கியம்" என்றார். அதற்கும் ஆமாம் ஆமாம் என்றேன். போனை வைத்த பிறகுதான், மண் உள்வாங்குமா என்பதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவுபடுத்திப் பார்த்துக் கவலைப்பட்டேன். இன்னொரு முறை அழைத்துத் திருத்திச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை.

3

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வீடியோவில் பேசினோம். அங்கே புது ஆறு என்கிற கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. அப்பா வரப்பில் நின்றே பேசினார்.

குழாயை வெட்டச் சொல்கிறார்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி விளக்கினேன்.

"அப்பன்னா, உன் வூட்டுத் தண்ணிய நீயே வச்சிக்கன்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுக்குதா?"

"ஆமாம்ப்பா."

"இங்க மொறத் தண்ணிக்கு நாங்க மல்லுக்கட்டி நிக்கிறோம். அங்க வேணாம் வேணாம்னாலும் வச்சிக்கங்கறான். நல்ல ஊருக்குத்தான் கட்டிக் குடுத்துருக்கேன்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "செவுத்தோரமா விட்டா ஓதம் ஏறிரும்டி. சொல்லிட்டேன்."

"ரெண்டு மீட்டர் தள்ளித்தாம்மா விடணும்."

"ரெண்டு மீட்டர்னா எவ்வளவு?"

"உன் ஒசரத்துக்கு மேல," என்றார் அப்பா. அம்மா கட்டை குட்டை என்பது அவருக்கு எப்போதும் கிடைக்கிற நகைச்சுவை. பிறகு என்னிடம், "போனைத் திருப்பி மண்ணக் காட்டு" என்றார்.

காட்டினேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். பதினாலாயிரம் கிலோமீட்டரோ என்னவோ, அவ்வளவு தூரத்திலிருந்து கைபேசித் திரையைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, என் தோட்டத்தின் சரிவை அவர் தீர்மானித்தார். "வடக்க மேடு. தெக்கால சரியுது. குழாய்க்கு முன்னால சின்னதா ஒரு வாய்க்கா போட்டு, ரெண்டு பக்கமும் கரை கட்டி, அந்த மரத்துக்குக் கொண்டுபோ."

அது வடக்கே இல்லை, மேற்கே. திரையில் எந்தப் பக்கம் எது என்று அவருக்குத் தெரியாது. நானும் திருத்தவில்லை. மற்றபடி சரியாகத்தான் இருந்தது.

யாழினியைப் பேசச் சொன்னேன். வந்து ஹாய் தாத்தா என்றாள். அவர் என்ன படிக்கிற என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லு என்றேன். "குட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா "வேலையா இருக்கும்" என்றார். ஏழு வயதுப் பெண்ணுக்கு.

4

சனிக்கிழமை கடைக்குப் போனேன். ரம்பம், வளைந்த குழாய்த் துண்டு, நீளக் குழாய், மண்ணுக்குள் போகும் பழைய ஓட்டையை அடைக்க ஒரு மூடி. மூடி மட்டும் இரண்டு அளவில் வாங்கினேன். அளந்துதான் போயிருந்தேன், இருந்தாலும் அளந்தது தப்பாக இருந்தால் என்ன செய்வது?

மண்வெட்டி கேட்டபோதுதான் சிக்கல். இங்கே காலால் மிதித்துக் குத்துகிற ஷவல்தான் எல்லாக் கடையிலும். அது மண்ணை எதிரே தள்ளும். நம் மண்வெட்டி மண்ணைத் தன் பக்கம் இழுக்கும். கரை கட்டுவது இழுக்கிற வேலை. ஷவலை வைத்துக் கரை கட்டுவது கரண்டிக் காம்பால் சோறு அள்ளுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கட்டினேன். நைட்டிக்கு மேல் செந்திலின் பழைய ஜாக்கெட், காலில் பனிக்காலத்து பூட்ஸ்.

யாழினி ஜன்னலைத் திறந்து ஆங்கிலத்தில், "அம்மா, யாரும் இப்படிப் பண்றதில்ல" என்றாள்.

"அட்டையில போட்டுருக்கு."

"அட்டையில நைட்டி போட்டுக்கச் சொல்லல."

அவளுடைய தோழி வீட்டார் காரில் போகிற நேரமாம் அது. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளே கீழே வந்து, மூடியை நான் பொருத்துகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். சின்ன மூடிதான் சரியாக இருந்தது. நான் முதலில் அளந்ததுதான். பழைய ஓட்டையை அழுத்தி அடைத்துவிட்டு, "இது எங்க போகுது?" என்றாள். தெருவுக்கு அடியில் போகிறது என்றேன். இது என்ன என்று நான் வெட்டியிருந்ததைக் காட்டினாள். வாய்க்கால் என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மகளுக்குத் தமிழ் சொல்லித் தருவதற்காக நான் ஒட்டி வைத்த அட்டைகள் ஃபிரிட்ஜில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் யானை, மயில், மாம்பழம் எல்லாம் உண்டு. வாய்க்கால் கிடையாது.

முதல் மழை சாதாரண மழை. கூரையிலிருந்து இறங்கிய தண்ணீர் வளைந்து வெளியே வந்து, நான் போட்ட வாய்க்காலில் ஓடி, மரத்தடியில் நின்று, மெல்ல இறங்கியது. குடையோடு நின்று முழுவதையும் பார்த்தேன். நகராட்சியில் யாராவது வந்து பார்க்க மாட்டார்களா என்று இருந்தது.

5

அதற்குப் பிறகு பல நாட்கள் நல்ல வெயில். டெரேசாவின் அவரைப் பாத்தி வேலிக்கு அந்தப் பக்கம் வாடத் தொடங்கியது. அவருக்கு முழங்கால் வலி. தண்ணீர்க் குழாயைத் தோட்டம் முழுக்க இழுத்துக்கொண்டு நடக்க முடியவில்லை. ஒரு மாலை தூறல் போட்டபோது என் மரத்தடியில் தண்ணீர் தேங்கி நிற்பதையும், வேலிக்கு அப்பால் அவரைக்கொடி தொங்குவதையும் ஒரே பார்வையில் பார்த்தேன்.

எங்கள் ஊர் வயல்கள் வாய்க்காலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். எங்களுடையது மூன்றாவது. மேல் வயலுக்குப் பாய்ந்து நிறைந்ததும், மேல் வயல்காரர் வரப்பில் மடையைத் திறந்து அடுத்த வயலுக்கு விடுவார். எங்களுக்கு மேல் வயல்காரர் ராஜமாணிக்கம் மாமா அப்படி விடும்போது சொல்லவே மாட்டார். குதிகாலால் மண்ணை விலக்கிவிட்டு, எங்கள் வீட்டு வழியாகவே போனாலும், தன் பாட்டுக்குப் போய்விடுவார். சொன்னால் ஏதோ உபகாரம் பண்ணியதாக ஆகிவிடும். நிறைந்த பிறகும் அடைத்து வைத்துக்கொண்டிருப்பவரைத்தான் ஊர் பேசும்.

அதனால் நானும் யோசிக்கவில்லை. எதையும் நாலு முறை யோசிக்கிற நான், அன்று மட்டும், பூட்ஸின் குதிகாலால் கரையில் ஒரு சின்ன மடையைத் திறந்துவிட்டேன். தண்ணீர் வேலிக்கு அடியில் நழுவி அவரைப் பாத்திக்குள் போனது. மறுநாள் கொடி நிமிர்ந்திருந்தது. டெரேசா, தூறலுக்கே எப்படி நிமிர்ந்துவிட்டது பார் என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மனதுக்குள் ராஜமாணிக்கம் மாமா நடை.

உதவி எண் இளைஞர் சொன்ன கடைசி வாக்கியம் ஒருமுறை நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது வேண்டாத தண்ணீரை அல்லவா என்று சமாதானம் செய்துகொண்டேன். மடையை அடைக்கவில்லை.

6

ஆடி பிறந்த பிறகு ஒரு வேலை நாளில் பெரிய மழை பிடித்தது. மருத்துவமனையில் நோயாளிகள் எல்லோரும் தாமதம். மற்றவர்கள் ஜன்னல் வழியே பார்த்து முகம் சுளித்தார்கள். இந்த ஊரில் மழை பெய்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். என் கூரைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வடிகாலுக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு பல் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து வந்து டெரேசா வீட்டு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டியிருந்தார். கையில் பிழிந்த துண்டு.

பேஸ்மென்ட்டில் தண்ணீர். அவரைப் பாத்தியை ஒட்டித்தான் அவர் வீட்டுச் சுவர். பாத்தி நிறைந்து, தண்ணீர் சுவரோரம் சேர்ந்து, அடியில் எங்கேயோ வழி கண்டுபிடித்திருக்கிறது. கணுக்கால்கூட நனையாத அளவுதான். ஆனால் சரியாக யாழினியின் மூலையில். கம்பளம் ஊறிப்போயிருந்தது. பக்கத்தில், போன வருடத் தக்காளியைக் காய்ச்சிப் புட்டிகளில் அடைத்து வைத்திருந்த அட்டைப் பெட்டிகள் அடி பிய்ந்து சரிந்திருந்தன. புட்டிகள் உடையவில்லை. அதை முதலில் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

"எல்லாம் இந்த நகராட்சிதான்," என்றார் டெரேசா. "தெருச் சாக்கடை திரும்பி வந்திருக்கு. வரி மட்டும் ஒழுங்கா வாங்குறான். நாளைக்குப் போன் பண்ணிக் கிழிக்கப்போறேன்."

பாத்திப் பக்கத்துச் சின்ன ஜன்னலில் மண் கலந்த கோடு தெரிந்தது. சாக்கடைத் தண்ணீரில் என் தோட்டத்துப் புல் மிதக்காது.

பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து காலை உயர்த்திப் பிடித்திருந்த யாழினி சொன்னாள், ஆங்கிலத்தில், ஒரு வார்த்தையைத் தவிர: "இல்ல டெரேசா. அது அம்மாவோட வாய்க்கால்."

டெரேசா, அது என்ன என்று கேட்டார். யாழினி அவரை ஜன்னலுக்குக் கூட்டிப்போய் விரலை நீட்டிக் காட்டினாள். இங்கேருந்து இப்படி, அப்புறம் அம்மா காலால திறந்து விட்டது, அப்புறம் உங்க பீன்ஸ். தாத்தா சரிவைப் பார்த்துச் சொன்ன மாதிரியே சொன்னாள். ஹாய் சொல்லிவிட்டு ஓடிப்போகிறவள் எப்போது நின்று கேட்டாள் என்று தெரியவில்லை.

டெரேசா ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நாளைக்குக் காலையில பேசுவோம்" என்றார்.

"நான் துடைச்சுத் தரேன்."

"நாளைக்கு."

வீட்டுக்கு வந்ததும் முதலில் மடையை அடைத்தேன். நனைந்துகொண்டே அடைத்து, மேலே ஒரு செங்கல்லும் வைத்தேன். பிறகு போனை எடுத்தேன். செந்தில், "கம்பளம் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம் சுதா, இதுக்காக ஆள விட்டுட மாட்டாங்க" என்றார். விட்டுவிட்டால் என்று கேட்டேன். அப்புறம் பாத்துக்கலாம் என்றார்.

ஊரில் விடிந்திருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரேயடியாக என் கட்சிக்கு வந்துவிட்டார்.

"தரைக்குக் கீழ வூட்டக் கட்டிக்கிட்டு தண்ணி வருதுன்னா? மேல வயல் தண்ணி கீழ வயலுக்குத்தான் போவும். மாமூல் பாத்தியம் அது. பத்திரத்துலயே எழுதியிருக்கும், எடுத்துப் பாரு."

"இது கனடாப்பா."

"கனடான்னா? அங்க தண்ணி மேட்டுக்கா ஏறுது?"

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்தியமாம் பாத்தியம். ஐப்பசி அடமழைல அந்த ராஜமாணிக்கம் மாமா நம்ம வயல்ல வெட்டி உட்டப்ப இந்த மனுசன் என்ன குதி குதிச்சாரு, கேளு. நீ காலைல போயி அந்தம்மா வூட்டத் தொடச்சிக் குடு. புள்ளயப் பாத்துக்கறவங்க."

அப்பா பின்னாலிருந்து, "அது வேற" என்றார்.

அது வேறு இல்லை, நான் செய்ததும் அதுதான். நான் ஊர் வழக்கத்தில் பாதியைத்தான் இங்கே கொண்டுவந்திருந்தேன். குறுவைக்குத் தண்ணீர் விடும்போது சொல்லத் தேவையில்லை. எல்லோரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். அடைமழையில் அதே மடையைச் சொல்லாமல் திறந்தால் கணக்கே மாறிவிடும். நடவு செய்த சம்பா மூழ்கும். மண்வெட்டியோடு ஆட்கள் கிளம்புவார்கள். இரண்டையும் பார்த்து வளர்ந்தவள்தான் நான். எனக்கு நல்லதாகத் தெரிந்த பாதி மட்டும் கூடவே வந்திருக்கிறது.

7

மறுநாள் வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே கிளம்பினேன். துடைப்பம், வாளி, இரண்டு பழைய துண்டு. மணியை அழுத்தினேன். பதில் இல்லை. பின்பக்கத்தில் சத்தம் கேட்டது.

டெரேசா அவரைப் பாத்தியின் ஓரத்தில் நின்று மண்ணை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் நான் அடுக்கி வைத்திருந்த அத்தனை வாக்கியமும் உதிர்ந்துவிட்டன. மண்வெட்டி. அசல் மண்வெட்டி. அகலத் தகடு, வளைந்த கழுத்து, குட்டைக் காம்பு.

"இது எங்க வாங்கினீங்க?"

மன்னிப்புக் கேட்க வந்தவள் கேட்ட முதல் கேள்வி அது. டெரேசா நிமிர்ந்தார். "ஊரிலிருந்து. பெட்டியில் துணிக்கு நடுவே வச்சுக் கொண்டுவந்தது. காம்பு இங்க போட்டது." பிறகு, "அந்த ஷவலை வச்சு நீ குத்துறத ஜன்னல்ல பாத்தேன். பாவமா இருந்தது" என்றார்.

அப்புறம்தான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மன்னிச்சிருங்க, கம்பளம் வாங்கித் தரேன், மடையை அடைச்சாச்சு, இனிமே திறக்க மாட்டேன், யாழினி விஷயம் என்னவானாலும் உங்க முடிவு. எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தன.

டெரேசா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "நீ தண்ணி விட்டது தப்பில்ல. சொல்லாம விட்டதுதான். எங்க ஊர்ல மலையிலேருந்து ஒரே ஓடை. வீட்டுக்கு இவ்வளவு நேரம்னு முறை. முறை முடிஞ்சா அடுத்த வீட்டுக்காரங்கள உரக்கக் கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் திருப்பணும். அவங்க பதில் குரல் கொடுக்காம திருப்பினா எங்க அம்மா ஒரு மாசம் பேச மாட்டாங்க. நீ ஏன் கூப்பிடல?"

"எங்க ஊர்ல சொன்னா மரியாதை இல்ல."

"விசித்திரமான ஊரு."

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. யாழினி விஷயத்துக்கு அவர் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. சேறு படிந்த கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, என் வீட்டுச் சுவரை, வெட்டப்பட்ட குழாயை, பிறகு தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கே அவருடைய குழாய் அப்படியே நேராக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதே அட்டை அவர் கதவிலும் தொங்கியிருக்கிறது. படிக்காமல் அடுப்பு பற்றவைக்க எடுத்துப்போனாராம்.

"அந்த ரம்பம் இருக்கா?"

"இருக்கு."

"சனிக்கிழமை எடுத்துட்டு வா. இதையும் வெட்டணும். அவன் அபராதம் போட வரதுக்கு முன்னாடி. நான் ஏணியில ஏற மாட்டேன், நீதான் ஏறணும்."

"மூடிகூட ஒண்ணு கூடுதலா இருக்கு. பெரிய அளவு."

"எதுக்கு ரெண்டு வாங்கினே?"

நான் வாளியை நீட்டினேன். டெரேசா வாளியை வாங்கிக்கொண்டு பேஸ்மென்ட் படியில் இறங்கினார். பாதியில் திரும்பி, "சாயங்காலம் அவளக் கொஞ்ச நாளைக்கு மேலே சமையலறையில வச்சிக்கிறேன். கீழே காயணும். வரும்போது வேற சாக்ஸ் கொடுத்தனுப்பு" என்றார். நான் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். அன்று முற்பகல் முழுக்கத் துடைத்தோம். தக்காளிப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மேலே அடுக்கினோம். கிளம்பும்போது ஒரு புட்டியைக் கையில் திணித்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் குழாயை வெட்டினேன். பெரிய மூடிதான் அவருக்குச் சரியாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு வாய்க்கால் போட்டோம், சுவர்களிலிருந்து நன்றாகத் தள்ளி, தோட்டத்தின் கடைசி வரைக்கும். அவர் மண்வெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்கினார். கரையில் ஒரே ஒரு மடை, அவரைப் பாத்தியின் தூரத்து முனைக்கு. கேட்காமல் திறப்பதில்லை என்பது ஏற்பாடு. நகராட்சியின் பார்வையில் இது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாமா என்று செந்திலிடம் கேட்டேன். "தயவுசெஞ்சு கேக்காத" என்றார்.

நேற்று மாலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அடுப்பில் குழம்பு இருந்ததால், யாழினியைப் போய்த் தண்ணீர் விடலாமா என்று கேட்டுவிட்டு வரச் சொன்னேன். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேலியோரம் போய் நின்று, வாயைக் குவித்துக்கொண்டு, "டெரேசா, தண்ணி வருது" என்று கத்தினாள். தமிழில்தான். தெருவில் அவள் தோழி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். யாழினி திரும்பிப் பார்க்கவில்லை.

டெரேசா சமையலறை ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார். இன்றைக்கு வேண்டாம்.

போன தூறலுக்குக் கேட்டுத் திறந்த மடை இன்னும் அடைக்காமல் கிடந்தது. யாழினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கரையருகே போய், புது ஷூவின் குதிகாலால் மண்ணை இழுத்து இழுத்து மடையை அடைத்தாள். மேலே ஏறி இரண்டு குதி குதித்தாள். நான் அவளுக்கு அதைச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

அவள் கை கழுவ உள்ளே போன பிறகு, மழை தொடங்குவதற்குள் ஓடிப்போய் ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.